மஞ்சுக்குள் ஓட்டுக் கேட்டவர்

குன்னூரில் இன்று காலை பளிச்சென்று வெயில். ஒரு வாரமாகக் காயாமல் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். காப்பிக்குப் பாலை வைத்துவிட்டு நிற்கும்போது கொடியில் எதைப் போட்டேன் என்பது சட்டென்று உறைத்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடி, என் வீட்டுக்காரரின் கட்சிக்கரை வேட்டி மேல் ஒரு போர்வையை இழுத்து மூடினேன். மூடிய பிறகுதான் நினைவு வந்தது, அவர் ரிட்டயர் ஆகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த வேட்டியை இனி யார் பார்த்தால் என்ன? பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

சிரிக்காதீர்கள். மலையில் இருப்பவர்கள் எல்லோரும் வெயிலைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள், மஞ்சு இறங்கினால் முணுமுணுப்பார்கள். மூடுபனியை இங்கே பலரும் மஞ்சு என்றுதான் சொல்வோம். நான் மட்டும் தலைகீழ். தேர்தல் காலத்தில் வானம் வெளுத்துக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. பத்தடிக்கு அந்தப்பக்கம் எதுவும் தெரியாதபடி மஞ்சு அடைத்துக்கொண்டால்தான் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன்.

காரணம் இதுதான். இவர் வேலை பார்த்தது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில். மத்திய அரசு உத்தியோகம். குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், சுகமில்லையென்றால் ஆஸ்பத்திரி, காலையும் மாலையும் ஊதுகிற சங்கு. எல்லாம் சரி. ஆனால் அந்த வேலையில் இருப்பவர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது, யாருக்காகவும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கேட்டது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அப்புறம் ஊட்டியில் காந்தலில், ஒற்றை அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இவருடைய அண்ணன் குடும்பத்தோடு போய் நாங்களும் நெருக்க வேண்டியதுதான். இது தெரிந்தும் என் புருஷன் கட்சியில் இருந்தார். இருந்தார் என்ன, ஒவ்வொரு தேர்தலிலும் ஜீப்பில் உட்கார்ந்து மைக்கில் ஓட்டுக் கேட்டவரே அவர்தான்.

அதனால் எங்கள் வீட்டில் கரை வேட்டி வெயிலைப் பார்த்ததே கிடையாது. சமையலறையில் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி அங்கேதான் காயப்போடுவேன். எங்களுக்கு விறகு கற்பூரமரம், அதாவது யூகலிப்டஸ். அந்தப் புகையும் தைல வாசமும் ஏறி, அந்த வேட்டியைப் பெட்டியில் எந்த மூலையில் வைத்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். இன்றைக்கும் யாராவது கற்பூரமரச் சுள்ளியைப் போட்டு வெந்நீர் வைத்தால் எனக்குத் தேர்தல் ஞாபகம்தான் வருகிறது.

கட்சி மலைக்கு வந்த கதையை இவரிடம் கேட்டுவிடாதீர்கள். விடமாட்டார். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மார்க்கெட்டில் மூட்டை சுமக்க மேலே வந்த குடும்பங்களோடு அது காந்தலுக்கு வந்தது. முதலில் ஒரு தையல் கடை. தைப்பதை விடப் பத்திரிகை படிப்பதுதான் அங்கே அதிகம் நடக்கும். அப்புறம் ஒரு கொடிக்கம்பம். எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்காத ஒரு சில்வர் ஓக் மரம், பட்டை உரித்து, வர்ணம் பூசி, தையல் கடை முன்னால் நடப்பட்டது. அன்றைக்குக் கொடியேற்ற வந்த மொத்தக் கட்சியும் ஒரே ஜீப்பில் அடங்கிவிட்டதாம்.

பிறகு கட்சி உடைந்தது. மற்றவர்கள் இதைப் பேப்பரில் படித்திருப்பார்கள், நான் கண்ணால் பார்த்தேன். கம்பம் யாருக்கு என்று இரண்டு தரப்புக்கும் தகராறு. கம்பத்தைப் பிடுங்கித் தையல் கடைக்குள் படுக்கவைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதைத் தாண்டித் தாண்டித்தான் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தோம். கடைசியில் ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்து நடுவில் அறுத்துவிட்டார்கள். உச்சிப்பாதி அவர்களுக்கு, அடிப்பாதி எங்களுக்கு. அதற்கப்புறம் எங்கள் தரப்புக் கொடி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் பறந்தது. போகிற வருகிற மாடெல்லாம் உரசிக்கொண்டு போகும்.

அந்த அடிப்பாதிக் கட்சியில் நின்று ஜெயித்துப் பெரியாள் ஆனவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், சோலூர்க்காரர் என்றே சொல்கிறேன். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவித்தவர். கீழே சமவெளியில் தலைவர்கள் தோளில் துண்டு போட்டால் சோலூர்க்காரர் மப்ளர்தான் போடுவார், மேலே குளிருக்கு அதுதான் சரிப்படும். கட்சி நிறத்தில் அவருடைய மனைவியே பின்னிக்கொடுப்பார். ஆள் நல்ல மனிதர்தான். மேடையேறினால் மட்டும் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச்சு வராது. அந்தக் குறையை நிரப்பத்தான் என் வீட்டுக்காரர் வேண்டியிருந்தது.

இவர் குரல் அப்படி. வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாலே சட்டசபையில் பேசுகிற மாதிரி இருக்கும். காந்தலில் வளர்ந்ததால் படுக பாஷை தண்ணீர் பட்ட பாடு, கன்னடமும் அப்படியே. கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளத்தில் கேட்பார். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அவர்கள் பேசுகிற மாதிரியே, "எங்கட ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடுங்கோ" என்று இழுப்பார். ஜீப்புக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டு, தலைக்குக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு பேசினால் முகம் தெரியாது. அதோடு மஞ்சும் இறங்கிவிட்டால் ஜீப்பே தெரியாது. குரல் மட்டும் மலையெல்லாம் நடந்துபோகும்.

முகத்தை மறைத்துவிட்டார், சரி. குரலை எதைப் போட்டு மூடுவது? ஜீப் எங்கள் குவார்ட்டர்ஸ் ரோட்டில் வரும்போதெல்லாம் நான் ரேடியோவை முழுச் சத்தத்தில் திருப்பிவிடுவேன். பக்கத்து வீட்டு சரோஜா ஒருநாள் வாசலிலேயே வந்து நின்றாள். அவள் புருஷனும் இவர் செக்‌ஷன்தான், ஆனால் எதிர் யூனியன்.

"ஏனுங்கக்கா, ரேடியோவை இத்தனை சத்தமாவா வெப்பாங்க?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க" என்றேன். வாயில் வந்தது அதுதான். அன்றிலிருந்து குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் என்னிடம் கத்தித்தான் பேசுவார்கள். இப்போது கடைவீதியில் பார்த்தாலும் சரோஜா கத்துகிறாள்.

போஜன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இவர் செக்‌ஷனுக்கு ஃபோர்மன் அவர். படுகர். குன்னூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவருடைய ஹட்டி, அதாவது அவர்களுடைய ஊர். அவருடைய அண்ணன் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர், உச்சிப்பாதிக் கம்பத்துக்காரர். போஜன் சார் ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இதை நினைத்து நினைத்தே எனக்குத் தலைமுடி கொட்டியது. ஊறுகாய் போட்டால் அவர் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவேன். பாட்டில் கழுவித் திரும்பி வரும், அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தேர்தலில், பிரசாரம் சாயங்காலத்தோடு முடிகிற நாள். இவர் காய்ச்சல் என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு விடியலிலேயே ஜீப்பில் போய்விட்டார். போனது கோத்தகிரிப் பக்கம். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது, போஜன் சாரின் அம்மா இறந்துவிட்டார். செக்‌ஷன் ஆட்கள் வேன் பிடித்தார்கள். பெண்களும் கிளம்பினோம். போகாமல் இருக்க முடியுமா? மழலை பேசிக்கொண்டிருந்த மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

"உங்க ஊட்டுக்காரர் வரலீங்களாக்கா?" என்று சரோஜா கத்தினாள்.

"காய்ச்சலுங்க. எந்திரிக்கவே முடியல. போர்த்திப் படுத்திருக்காரு" என்றேன், வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மதியம் தாண்டியதும் மஞ்சு இறங்கியது. இறந்தவரை ஊர் மைதானத்தில் கட்டிலில் கிடத்தி, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படுகர் வீட்டுச் சாவில் எல்லோரும் வெள்ளைதான். பெண்களுக்கு உடம்பிலும் வெள்ளை, தலையில் கட்டியதும் வெள்ளை. ஆண்களின் போர்வையும் வெள்ளை. அந்த வெள்ளை மேல் மஞ்சும் வந்து மூடியதில், அந்த மைதானத்தில் அத்தனை ஜனம் இருப்பது ரோட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. வாத்தியக்காரர்கள் அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்து, பீடி பற்றவைத்திருந்தார்கள்.

ஹட்டிக்குள் ஓட்டுக் கேட்கப் போக ஒரு முறை உண்டு. எந்தக் கட்சியானாலும் அதை மீறியதில்லை. ஊருக்குக் கீழே வளைவிலேயே மைக்கை அணைத்துவிட வேண்டும். ஒருவர் முதலில் நடந்துபோய், வரலாமா என்று பெரியவர்களைக் கேட்டு வர வேண்டும். அப்புறம்தான் வண்டி, அப்புறம்தான் வேட்பாளர், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. அன்றைக்கு நேரமில்லை. கணக்கிலேயே இல்லாத இந்த ஹட்டிக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று, வெகு பின்னால் காரில் வந்துகொண்டிருந்த சோலூர்க்காரருக்குக் கடைசி நேரத்தில் ஆசை வந்திருக்கிறது. ஆளை முன்னால் அனுப்பவில்லை.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சுக்குள்ளிருந்து என் புருஷனின் குரல் வருகிறது. "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று தமிழில் தொடங்கி, அப்படியே படுக பாஷைக்கு மாறி, அண்ணன்மாரே அக்காமாரே என்று உருகுகிறது. காய்ச்சலில் போர்த்திப் படுத்திருக்கும் குரல். ரேடியோவுக்கு எங்கே போவேன்? பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கடவுளே வண்டி பஞ்சராகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது மடியிலிருந்த மூத்தவள் முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பா!" என்றாள்.

வாயைப் பொத்தினேன். கையைக் கடித்துவிட்டு மறுபடியும் "அப்பா!" என்றாள். பக்கத்தில் சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கட்டிலைப் பார்த்தேன்.

ஜீப் மைதானத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. யாரோ ஒரு பெரியவர் குறுக்கே போய் நின்று பானெட்டில் ஓங்கித் தட்டினார். குரல் பாதி வார்த்தையில் நின்றது. வாலிபர்கள் சிலர் கோபமாக எழுந்து போனார்கள். டிரைவர் ரிவர்ஸ் கியர் போடும் சத்தம் கேட்டது. போய்விடு, போய்விடு என்று மனசுக்குள் கதறினேன். பின்னால் எடுத்து மஞ்சுக்குள் போய்விட்டால் யார் வந்தார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

கதவு திறந்தது. இவர் இறங்கினார்.

குல்லாயைக் கழற்றினார். மப்ளரைக் கழற்றி சீட்டில் போட்டார். செருப்பை விட்டுவிட்டு, வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவில் வெறுங்காலோடு நடந்து வந்தார். செக்‌ஷன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தினமும் இவரோடு ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர் ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார். இவர் கட்டிலருகில் வந்து குனிந்து கும்பிட்டார். நான் இருப்பதை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு போஜன் சாருக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினார்.

"தெரியாமப் பண்ணிட்டமுங்க. பெரிய தப்புங்க. மன்னிக்கோணும்."

போஜன் சார் இவரை மேலும் கீழும் பார்த்தார். அழுது சிவந்த கண். பல வருடமாகத் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறவர்.

"எந்த ஊருங்க நீங்க?" என்றார்.

இவர் திகைத்துவிட்டார். "காந்தலுங்க" என்றார்.

"சரிங்க. மஞ்சு ஜாஸ்தியா இருக்கு, வண்டிய மெதுவா எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். பக்கத்திலிருந்த அண்ணன் வாயைத் திறக்கப் போனார். போஜன் சார் அவர் தோளில் கையை வைத்தார். இவர் திரும்பி நடந்தார். ஜீப் சத்தமில்லாமல் பின்னால் போனது. வாத்தியம் மறுபடி தொடங்கியது.

வேனில் திரும்பினோம். இறங்கும் இடத்தில் சரோஜா, முதல்முறையாகக் கத்தாமல், "காய்ச்சலுக்குக் கசாயம் வெச்சுக் குடுங்கக்கா" என்றாள். அது பரிவா, குத்தலா? அன்று முழுக்க அதை உருட்டிக்கொண்டிருந்தேன். போஜன் சார் கேட்டதும் அப்படித்தான். தப்பிக்க விட்டாரா, இல்லை, இருடா உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாரா?

இவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க இறங்குனீங்க? டிரைவர்தான் வண்டியத் திருப்பிட்டாரல்ல? அப்படியே வந்திருந்தா என்னங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "பேசுனது நானு புள்ள. வேற யார் இறங்கறது?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது சொல்கிறேன், பெருமையும் இருந்தது. ஆனால் பெருமையை வைத்துக் குவார்ட்டர்ஸ் வாடகை கட்ட முடியாதே என்று அப்போது அழுதேன்.

போஜன் சார் காரியமெல்லாம் முடிந்துதான் வேலைக்கு வருவார். அதுவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மெமோ வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கதவிடுக்கில் பார்ப்பேன். பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். எப்படியும் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள், அவசரத்தில் நசுங்கக் கூடாதே என்று. இரண்டு டம்ளர், ஒரு குண்டாவை வைத்துக்கொண்டு குடித்தனம் நடந்தது. இவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போஜன் சார் வேலைக்குத் திரும்பிய அன்று, சாயங்காலச் சங்குக்கு முன்னாலேயே தொழிற்சாலை கேட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். இவர் வந்தார்.

"என்னங்க சொன்னாரு?"

"காய்ச்சல் விட்டுதான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேலையப் பாருன்னாரு."

சர்வீஸ் முடியும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. செக்‌ஷனில் யாரும் எடுக்கவில்லை. எதிர் யூனியன்காரரான சரோஜாவின் புருஷன் கூட எடுக்கவில்லை. இருந்தாலும் நான் தேர்தல் முடிவு வந்த பிறகுதான் சாக்கை அவிழ்த்தேன். ஆபத்து போய்விட்டது என்று சட்டென்று நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை.

சோலூர்க்காரர் ஜெயித்தார். நாலு பேர் எழுந்து நிற்கும் மனிதர் ஆனார். பிறகு ஒருநாள் உச்சிப்பாதிக் கட்சிக்குப் போய்விட்டார், அங்கிருந்து வேறொன்றுக்கும் போனார். ஒவ்வொரு தடவையும் மப்ளர் நிறம் மாறும், பின்னுகிற கை மட்டும் அதேதான். பாவம் அந்த அம்மா, எத்தனை பின்னியிருப்பார். என் வீட்டுக்காரர் அடிப்பாதியிலேயே இருந்தார். ரிட்டயர் ஆன மறுநாள் காலை, பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்துப் புகைவாசத்தோடு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். யார் கண்ணில் படுமோ என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வந்த தேர்தலில், மைக்குக்குப் போகிறேன் என்று தானாகவே போய்க் கேட்டிருக்கிறார். "வேண்டாமுங்கய்யா, எல்லாம் சென்னையிலயே ரெக்கார்டு பண்ணிக் குடுத்தர்றாங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தேர்தல் சமயத்தில் போஜன் சாரின் அண்ணன் இறந்துபோனார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அதே ஹட்டி. இப்போது பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. இவரும் போஜன் சாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கைத்தடியோடு, மாத்திரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக் சத்தம் கேட்டது. ஒரு வேன், நாலு பக்கமும் படம். கனமான ஒரு குரல் பாட்டோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டுக்கொண்டே வளைவைத் தாண்டி, நிற்காமல் பந்தல் வரை வந்துவிட்டது. எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை.

பையன்கள் ஓடிப்போய் மறித்தார்கள். உள்ளே டிரைவர் மட்டும். ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறான், ஃபோனைத் தேய்க்கிறான், குரல் நிற்கவில்லை.

"சாவு ஊடுன்னு தெரியலையா? இறங்கி வந்து மன்னிப்புக் கேளு" என்றார்கள்.

"நான் வாடகைக்கு ஓட்டறவனுங்க" என்றான் அவன். "நான் ஏனுங்க கேக்கோணும்? நான் பேசலையே?"

பையன்கள் வண்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். செருப்பைக் கூடக் கழற்றிவிட்டார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அந்தக் குரலுக்காக இவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார். போஜன் சார் இவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு. அதுல யாரும் இல்ல."